பழைய டர்போ காரின் வலிமை



வயதான டர்போ கார் ஒன்றின் வலிமையைக் கூட்டுவது எப்படி என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். ஸ்வீடன் நாட்டுச் சாப் நிறுவனம் 1978-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த '99 டர்போ' என்னும் காரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் எஞ்சின் 2 லிட்டர் அளவுடையது. திறன் 145 குதிரைத் திறன்.

டர்போ என்பது யாது? எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகையில் ஆற்றல் மிகுதியாக எஞ்சி நிற்கிறது. வீணே போகும் அப்புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே அச்சின் மறுமுனையிலுள்ள மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகுந்தால் பெட்ரோலையும் மிகுதியாக எரிக்கலாம், வலிமை பெருகும். சக்கரம் அளவு கடந்து சுழலாதபடி, மிகைப் புகையை வேறு வழியாக விடுவதற்கு 'வேஸ்ட்கேட்' என்னும் கதவு ஒன்று உண்டு.

அந்தக் கதவு திறக்கும் அளவைச் சற்று உயர்த்திவிட்டால் காற்றழுத்தம் ஏறும். கார் சீறிப் பாயும். செய்வதற்கு இதைவிட எளிய வேலை இல்லை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. காற்றை அமுக்கினால் அது சூடேறும் என்பதைச் சைக்கிளுக்குக் காற்றடித்தவர் அனைவரும் அறிவர். 30 டிகிரியில் நுழையும் காற்று, இந்தக் காரின் இயல்பான அழுத்தத்திலேயே சுமார் 100 டிகிரியை எட்டக்கூடும். அழுத்தத்தை மேலும் ஏற்றினால், பெட்ரோல் கலவை தன் முறைப்படி எரியாமல் ஆங்காங்கே தானாகவே வெடிக்கத் தொடங்கும். சுத்தியலால் தட்டுவது போன்ற ஒலி எழும். அது நீடித்தால் பிஸ்டன் உடைந்துபோகும்.

ஆகவே, கூட்டுவதற்கு முன்னர் இழந்ததை மீட்க வேண்டும். சிலிண்டர்கள் அனைத்திலும் அழுத்தம் ஒத்திருக்கிறதா? ரப்பர் குழாய்களில் வெடிப்பு உண்டா? பெட்ரோல் பம்பு போதிய அளவு தருகிறதா? தீப்பொறி உரிய நேரத்தில் எழுகிறதா? இவற்றைச் சீர்செய்த அளவிலேயே, பழைய காரொன்று மறந்துபோன வேகத்தை மீண்டும் பெறுவதுண்டு. எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதும், விரைந்து ஓடியபின் எஞ்சினை உடனே நிறுத்தாமல் ஓரிரு நிமிடம் மெல்ல ஓடவிடுவதும் டர்போவின் ஆயுளைக் காக்கும்.

அடுத்தது குளிர்ச்சி. அமுக்கிய காற்றை 'இன்டர்கூலர்' என்னும் குளிர்விப்பான் வழியாகச் செலுத்தினால், அதே அழுத்தத்தில் அடர்ந்த காற்று கிடைக்கிறது. தட்டும் அபாயமும் குறைகிறது. அதன் பின்னரே, பெட்ரோலின் அளவையும் சேர்த்து உயர்த்தி, அழுத்தத்தைச் சிறிது சிறிதாக ஏற்றலாம். பிரேக்கும் டயரும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சாப் பொறியாளர்களும் இந்த நெறியிலேயே முன்னேறினர். எஞ்சின் தட்டுவதை உணர்ந்து அழுத்தத்தைத் தானே குறைக்கும் கருவியை 1980-களின் தொடக்கத்தில் அமைத்தனர். பின்னர் 16 வால்வுகளையும் இன்டர்கூலரையும் சேர்த்து, அதே 2 லிட்டர் அளவில் 175 குதிரைத் திறனைப் பெற்றனர்.

மாணவ நண்பர்களே, எஞ்சின் தாங்கும் அளவை முதலில் உயர்த்துங்கள். வலிமையை அதன்பின் கேளுங்கள். இந்த வரிசையை மாற்றியவர்களுக்கு எஞ்சியது உடைந்த பிஸ்டனே.