இறக்கத் தெரிந்த கைகள்

கோவையிலிருந்து அரிசி ஆலை இயந்திரங்களைக் கொண்டுபோய் நிறுவித் தருவது என் தொழில். கேரளத்துக்கு லோடு கிளம்பினால் எங்கள் டிரைவர்கள் எல்லையிலுள்ள வாளையாறு தாண்டுமுன்பே கேட்டுவிடுவார்கள்: "சார், அங்க இறக்குகூலி பேசியாச்சா?" அந்தப் பக்கம் சரக்கு அனுப்பும் நேயர்களுக்கு இது ஏன் என்று சொல்லவேண்டியதில்லை.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே நோக்குக்கூலி என்று ஒரு வழக்கம். சரக்கை நம் ஆட்களே இறக்கினாலும், கிரேன் வைத்து இறக்கினாலும், அந்தப் பகுதிச் சுமைத்தொழிலாளர் நின்று பார்த்ததற்குக் கூலி கேட்பார்கள்.

பாலக்காட்டுப் பக்கம் ஓர் ஆலை. அரிசி தீட்டும் இயந்திரத்தோடு போயிருந்தோம். கிரேன் தயார், எங்கள் ஃபிட்டர்களும் தயார். ஆனால் சுமைத்தொழிலாளர் சங்கத்தார் வந்து, தங்களுக்குக் கூலி முடிவாகாமல் லாரியின் கயிற்றை அவிழ்க்கக் கூடாது என்றார்கள். காலையில் தொடங்கிய பேரம் மத்தியானம் தாண்டியும் இழுத்தது. கிரேனுக்கு மணிக்கணக்கில் வாடகை ஏறுகிறது, மேலே மழை கூடிக்கொண்டு நிற்கிறது. கடைசியில் ஆலைக்காரர் பணத்தைக் கொடுத்தார்.

இனிமேல் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். கிரேன் தூக்கப்போகும் நேரம். வந்தவர்களில் வயதான ஒருவர், தலையில் தோர்த்துத் துண்டு கட்டியவர், "நிறுத்து!" என்று கையைக் காட்டினார். மோட்டார் இருக்கும் பக்கம்தான் கனம் அதிகம், தூக்கும் பெல்ட்டை அந்தப் பக்கம் தள்ளிப் போடுங்கள் என்றார். மாற்றிப் போட்டோம். இயந்திரம் ஒரு சாய்வும் இல்லாமல் மேலே எழுந்தது. அப்படியே தூக்கியிருந்தால் புரண்டிருக்கும். கீழே எங்கள் பையன்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

நேயர்களே, அவர் வாங்கிய கூலி சும்மா நின்றதற்கு. அவர் செய்த காரியத்துக்கு எந்தச் சீட்டிலும் கணக்கில்லை. என்னை வாட்டுவது இதுதான்.

இந்தத் தொழிலாளர்களின் கைத்திறனைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். கடப்பாரை நுனியைக் கொடுத்துப் பெட்டியை அரை விரல் உயர்த்துவார்கள். கீழே இரும்புக் குழாயை உருளவிட்டு, ஒரே குரலுக்கு எல்லோரும் சேர்ந்து நெம்புவார்கள். மூட்டையைச் சும்மாட்டில் வாங்கும்போது கழுத்து எப்படி இருக்கவேண்டும், அட்டி சரியாமல் எப்படி அடுக்கவேண்டும் என்பதெல்லாம் தோளிலேயே பழகிய படிப்பு.

அவர்களுக்குச் சங்கமும் விதியும் ஏன் வந்தன என்பதையும் மறக்கக் கூடாது. அன்றாடம் வேலை கிடைத்தால் கூலி, இடுப்பு ஒடிந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றிருந்த பிழைப்பு அது. பிறகு கேரளம் சுமைத்தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. பதிவு, நல வாரியம், முறையான கூலி எல்லாம் அதன் வழியே வந்தவை. அந்தப் பாதுகாப்பில் ஒரு துளியும் குறையக் கூடாது என்றுதான் நான் சொல்வேன். ஆனால் முதுகைக் காக்க வந்த விதியை, வேலையே இல்லாத இடத்தில் பணம் கேட்கக் காரணமாகக் காட்டுவது அந்தத் தொழிலுக்கே இழுக்கு.

2018 மே தினத்திலிருந்து நோக்குக்கூலியைக் கேரள அரசே ஒழித்தது. அப்படியும் 2021-இல் தும்பா விண்வெளி மையத்துக்குக் கருவி ஏற்றிவந்த லாரியை உள்ளூர்க்காரர்கள் சிலர் நோக்குக்கூலி கேட்டு மறித்தார்கள். உயர் நீதிமன்றமும் அந்த ஆண்டு இந்த வழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

நேரம் முடியப்போகிறது. என் ஆசையைச் சொல்லிவிடுகிறேன். கிரேன் பெல்ட் போடுவதிலும் இயந்திரம் நகர்த்துவதிலும் இந்தத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதற்கென்று தனிக் கூலி வைக்கவேண்டும். பிறகு கோவையிலிருந்து கிளம்புமுன் நாங்களே போன் போட்டு, "அந்தப் பெரியவரை அனுப்புங்கள்" என்று கேட்டு வாங்கிக்கொள்வோம்.