ஒரே உருவம், இரண்டு இனம்



கரும்பைத் தின்னும் வண்டுகளை ஒழிக்க, 1935ல் ஹவாயிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கரும்புத் தேரையைக் கொண்டுபோனார்கள். அது வண்டை விட்டுவிட்டு நாட்டைப் பிடித்துக்கொண்டது!

இந்தத் தேரையின் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். அங்கே ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே இருப்பதும் மேற்கே இருப்பதும் பார்வைக்கு ஒன்றுதான். அதே மருக்கள், கண்ணுக்குப் பின்னால் அதே நச்சுச் சுரப்பி. ஆனால் மரபணுவைச் சோதித்தபோது, மலை குறுக்கிட்டதால் இரண்டும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டது தெரிந்தது. மண்டை ஓட்டை அளந்தால் அதிலும் வேறுபாடு. 2016ல் மேற்குத் தேரையைத் தனி இனமாக அறிவித்தார்கள். ஆஸ்திரேலியாவுக்குப் போனது கிழக்கு இனம்.

வெப்பமண்டலக் காடுகளில் இப்படி ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கும் இனங்கள் இன்னும் உண்டு. தனி இனம் என்று தெரியாமலே ஒன்று அழிந்துபோனால், அதற்குக் கணக்குக்கூட இருக்காது.