32 சதம்

(மாதர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அமெரிக்கா என்றதும் நமக்கு டொலர்தான் நினைவுக்கு வரும். அங்கே துணி மில்லில் 1912இல் நடந்ததைச் சொல்கிறேன்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லோரன்ஸ் என்று ஒரு மில் நகரம். பெண்கள், பிள்ளைகளின் வேலையைக் கிழமைக்கு 56 மணித்தியாலத்திலிருந்து 54ஆகக் குறைத்துச் சட்டம் வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் முதலாளிமார் அந்த இரண்டு மணித்தியாலச் சம்பளத்தையும் வெட்டினார்கள். ஜனவரி 11ஆம் திகதி சம்பளத்தை எண்ணிய போலந்துப் பெண்கள் 32 சதம் குறைவதைக் கண்டார்கள். தறியை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். சில நாட்களில் 20,000 பேர் வீதியில். இத்தாலியர், சிரியர், லித்துவேனியர். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. கூட்டங்களில் பல மொழியில் பெயர்த்துச் சொன்னார்கள். (நாம் இரண்டு மொழிக்கே முணுமுணுக்கிறோம்.)

பிள்ளைகள் பசியில் வாடாமல் இருக்க, வெளியூர்த் தொழிலாளர் வீடுகளுக்கு அனுப்பினார்கள். பெப்ரவரி 24இல் புகையிரத நிலையத்தில் வைத்துத் தாய்மாரைப் பொலிஸ் அடித்தது. நாடே கொதித்தது. வாஷிங்டனில் விசாரணை நடந்தது.

அங்கே சாட்சி சொன்னவர்களில் கமெல்லா டியோலியும் ஒருத்தி. வயது 14. மில் இயந்திரம் முடியைப் பிடித்திழுத்து அவள் தலைத்தோலைப் பிய்த்திருந்தது. ஏழு மாதம் ஆஸ்பத்திரி. கம்பனி வைத்தியச் செலவைக் கொடுத்தது, சம்பளம் கொடுக்கவில்லை. வயதைக் கூட்டிக் காட்டும் பத்திரத்துக்கு அவள் அப்பா நான்கு டொலர் கொடுத்திருந்தார். படிப்பிக்கிறவள் நான், ஆனாலும் அந்த அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் நடுவில் கம்பனி இறங்கி வந்தது. ஆகக் குறைந்த சம்பளக்காரருக்கே கூடிய வீதத்தில் உயர்வு கிடைத்தது. வேலைநிறுத்தம் செய்தவர்களைப் பழிவாங்குவதில்லை என்றும் ஒத்துக்கொண்டது.