அலுமாரித் திறப்பு

(நூற்றாண்டு நிகழ்வுகளின் தொடக்கக் கூட்டத்தில், சங்கத்தின் நூலகக் குழு சார்பில் ஆற்றிய உரை)



நூலகக் குழுவில் நாங்கள் ஐந்து பேர். ஒருவர் வாசித்தாலும் இது ஐவரும் சேர்ந்து எழுதிய உரை. எங்களுக்குள் ஒத்துப்போகாத இடங்கள் இருந்தன. அவற்றையும் அப்படியே விட்டிருக்கிறோம்.

எங்களில் மூத்தவர் படித்தது எழுபதுகளில். அவர் நினைவில் இருப்பது புத்தகங்களைவிட அலுமாரிதான். கண்ணாடிக் கதவு போட்ட இரண்டு அலுமாரிகள் அதிபரின் அறைக்கு வெளியே நிற்கும். இடைவேளையில் கண்ணாடியில் மூக்கை வைத்து முதுகுமட்டைப் பெயர்களை வாசித்தே பொழுது போகுமாம். திறப்பு ரீச்சரின் கைப்பையில் இருக்கும். அவர் கடுமையானவர் அல்ல. வருட இறுதிக் கணக்கெடுப்பில் ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். அதனால் அலுமாரி பூட்டியே இருந்தது. கணக்கு ஒருநாளும் பிழைக்கவில்லை.

எங்களில் இளையவர்கள் தொண்ணூறுகளில் படித்தோம். பொருளாதாரத் தடைக் காலம். கொப்பி வாங்கவே தவித்த நாட்களில் புதுப் புத்தகம் எங்கே? ஜாம் போத்தல் விளக்கில் ஒரு கிழிந்த அம்புலிமாமா ஒழுங்கை முழுவதும் சுற்றி வரும். முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் இருக்காது. கதையின் முடிவை நாங்களே சொல்லிக்கொள்வோம். 1995 இடப்பெயர்வின் பின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் சிலர் பையில் ஒன்றிரண்டு கதைப்புத்தகங்கள் கொண்டுவந்தார்கள். அந்தப் புத்தகங்களுக்காகவே அவர்களோடு கூட்டுப் பிடித்தோம் என்பதை இன்று மறைக்கத் தேவையில்லை.

எங்கள் ஆட்கள் புத்தகத்தைப் பூட்டி வைத்ததை நாங்கள் முழுக்கக் குறை சொல்லமாட்டோம். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறை அது. இருப்பதையாவது காப்போம் என்று நினைத்தது இயல்பு. ஆனால் 2008, 2009 இல் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஊர் முழுவதும் எழும்பியது. செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது நூலகத்துக்குக் கூரை இல்லை, அலுமாரிக்குக் கதவு இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை. பழைய நூலகத்தில் இருந்து எங்கள் பாடசாலை முத்திரையோடு இன்று எஞ்சியிருப்பவை மூன்று புத்தகங்கள். மூன்றும் அந்த நேரம் பிள்ளைகள் இரவல் வாங்கிப் போயிருந்தவை. இடம்பெயர்ந்த வழியெல்லாம் பாடசாலைப் பையில் கிடந்து திரும்பி வந்தவை. பூட்டி வைத்ததில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். 1931இல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது. இதையும் ஒரு விதியாக எழுத வேண்டுமா என்று தோன்றும். ஒருகாலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைத் தட்டோடு சங்கிலி போட்டுக் கட்டி வைத்தார்கள். இங்கிலாந்தில் ஹெரபோர்ட் தேவாலயத்தில் அப்படியொரு நூலகம் இன்றும் காட்சிக்கு இருக்கிறது. எங்களிடம் சங்கிலி இருக்கவில்லை, திறப்பு இருந்தது.

மீள்குடியேறிய பின் புத்தகங்கள் வந்தன. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பெட்டி பெட்டியாக வந்தன. அனுப்பியவர்களில் பலர் இங்கே இருக்கிறீர்கள். எந்தப் பெட்டியும் அன்பில்லாமல் வந்ததில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். காலாவதியான கணினி வழிகாட்டிகள், பழைய பாடத்திட்ட வினாவிடைகள், எங்கள் ரீச்சர்மாருக்கே கடினமான ஆங்கில நாவல்கள், பாதி எழுதிய ஒரு நாட்குறிப்பு. தட்டுகள் நிறைந்தன, பிள்ளைகள் வரவில்லை.

அதன் பின்தான் நூலக ரீச்சரும் நாங்களும் உட்கார்ந்து யோசித்தோம். செய்தவை பெரிய காரியங்கள் அல்ல. உயரமான அலுமாரிகளைப் பின்சுவருக்குத் தள்ளி, பிள்ளையின் இடுப்பளவில் பலகைத் தட்டுகள் அடித்தோம். முதுகு தெரியாமல் முகப்பட்டை தெரியும்படி புத்தகங்களை நிறுத்தினோம். நிலத்தில் பாய் விரித்தோம். சின்ன வகுப்புகளுக்கு இலக்கமுறை வேண்டாம், நிறப் பட்டி போதும் என்றோம். பெரிய வகுப்பு அக்காமார் கிழமைக்கு ஒருநாள் சின்னப் பிள்ளைகளுக்கு உரத்து வாசிக்கிறார்கள். அந்த அரை மணித்தியாலத்தில் வெளியே நிற்கும் காவலாளி ஐயாவும் ஜன்னலோரம் வந்துவிடுவார்.

வாசித்த நூலுக்குச் சுருக்கம் எழுதும் கொப்பியை நிறுத்தினோம். இதில் எங்கள் குழு பிளவுபட்டது. எழுதாவிட்டால் வாசித்தார்களா என்று எப்படித் தெரியும் என்று இருவர் கேட்டார்கள். கொப்பிகளை எடுத்துப் பார்த்தபோது பெரும்பாலானவை பின்னட்டையைப் பார்த்து எழுதியவையாக இருந்தன. நிறுத்தினோம். அந்த இருவரும் இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் டானியல் பென்னாக், அவரும் ஆசிரியராக இருந்தவர், 1992இல் வாசகருக்குப் பத்து உரிமைகளைப் பட்டியலிட்டார். ஒரு புத்தகத்தை முடிக்காமல் விடுவதும் அதில் ஒன்று. தரம் 7 பிள்ளை ஒருத்தி இரண்டே நாளில் புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

“முடிச்சிட்டீரோ?”

“இல்லை ரீச்சர், பிடிக்கேல்லை.”

எங்கள் காலமென்றால் ஏச்சு விழுந்திருக்கும். ரீச்சர் வேறொன்றை எடுக்கச் சொன்னார். அதுவும் திரும்பி வந்தது. நாலாவதாக, பாம்புகளைப் பற்றிய ஒரு படப்புத்தகத்தை எடுத்துப் போனவள் மூன்று கிழமை திருப்பித் தரவில்லை. தகப்பன் வயல் செய்கிறவர். வீட்டில் புடையன் கதை அன்றாடம். தகப்பனுக்கும் வாசித்துக் காட்டினாளாம். இப்போது அவள் கையில் ஒரு புத்தகம் இல்லாமல் நாங்கள் காண்பதில்லை.

என்ன புத்தகம் வாங்குவது என்பதிலும் ஒரு பாடம் படித்தோம். தமிழ்நாட்டுச் சிறுவர் நூல்கள் அழகானவை, நிறைய வாங்குகிறோம். ஆனால் தரம் 3 பிள்ளை ஒன்று, “ரீச்சர், சாவி எண்டால் என்ன?” என்று கேட்டது. திறப்பு என்று சொல்ல, “அப்ப ஏன் திறப்பு எண்டு எழுதேல்லை?” என்றது. எங்கள் சொல்லும் புத்தகத்தில் இருக்க வேண்டும். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்களை உரத்து வாசித்தால் வகுப்பே சேர்ந்து சொல்கிறது. மேல்வகுப்புகளுக்கு, 1973இல் வெளிவந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ நாவலைக் கொடுத்தோம். கதை நடப்பது தண்ணிமுறிப்பில். தங்கள் அம்மம்மாவின் ஊர் அச்சில் இருப்பதைக் கண்ட பிள்ளையின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அச்சில் கிடைக்காத எத்தனையோ ஈழத்து நூல்கள், 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் உள்ளன; பெரிய பிள்ளைகள் அங்கே தேடப் பழகுகிறார்கள். சின்னப் பிள்ளைக்குத் தொட்டுப் புரட்ட ஒரு புத்தகம் வேண்டும்.

ஒக்டோபர் வாசிப்பு மாதத்தில் பேச்சுப்போட்டி, கட்டுரைப்போட்டி எல்லாம் நடக்கும். பரிசு எடுப்பது வழமையாக அதே நாலைந்து பிள்ளைகள். நவம்பரில் நூலகப் பாடவேளை பரீட்சைப் பயிற்சிக்குப் போய்விடும். தரம் 5 புலமைப் பரிசில், பிறகு சாதாரண தரம். பெற்றோரின் பயம் எங்களுக்கு விளங்காததல்ல; எல்லாம் இழந்த குடும்பத்துக்குப் பெறுபேறு ஒன்றுதான் சொத்து. ஆனாலும் கிழமைக்கு ஒரு பாடவேளையை யாரும் தொடக்கூடாது என்று அதிபர் இவ்வருடம் சொல்லியிருக்கிறார். அதற்காக இந்தச் சபையில் அவருக்கு நன்றி சொல்கிறோம்.

இனி எங்கள் கோரிக்கை. நூற்றாண்டு நிதியில் நுழைவாயில் வளைவு கட்டுவது பற்றிப் பேச்சு நடக்கிறது. வளைவு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நிதியில் பத்தில் ஒரு பங்கை வங்கியில் இட்டு, வரும் வட்டியை நூலகத்துக்கு ஒதுக்குங்கள். புதுப் புத்தகங்களுக்கு ஒரு பகுதி. மற்றப் பகுதி, தொலைந்த புத்தகங்களுக்கு. ஆம், தொலைவதற்கென்றே ஒரு நிதி. வீட்டுக்குக் கொடுத்தால் புத்தகம் தொலையும், மழையில் நனையும், தம்பி கிழிப்பான். அந்தச் செலவை ரீச்சரின் தலையிலும் பிள்ளையின் தகப்பன் தலையிலும் போட்டால் அலுமாரி மறுபடி பூட்டப்படும். அதைச் சங்கம் ஏற்கட்டும். இதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. அதனால் ஆதரவு குறையலாம் என்றும் தெரிந்தே கேட்கிறோம்.

பெட்டி அனுப்ப விரும்புகிறவர்கள் முதலில் எங்களிடம் பட்டியல் கேளுங்கள். பிள்ளைகள் தாங்களே எழுதிப்போட்ட பட்டியல் நூலக வாசலில் தொங்குகிறது. இன்றைய நிலையில் முதலிடத்தில் இருப்பது பேய்க்கதை. வாங்கத்தான் போகிறோம்.

நிதி பற்றிய பிரேரணை பின்னேரம் மூன்று மணிக்குப் பொதுக்கூட்டத்துக்கு வருகிறது. அதற்கு முன் நூலகத்துக்கு ஒருமுறை வந்து பாருங்கள். செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் பாயில் இருக்கலாம். மிஞ்சிய மூன்று புத்தகங்களும் வாசலுக்கு இடப்பக்கத் தட்டில் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைத் தவிர. அது போன கிழமை தரம் 9 பிள்ளை ஒருத்தி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள்.