முதலில் எலும்பு, பிறகு ஆணி

வீட்டுப் பெரியவர் குளியலறையில் வழுக்கி விழுந்து, கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து கிடந்தால், தொடை எலும்பின் மேல்முனை முறிந்திருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எனவே அடிப்படைக்குள் போகவில்லை. என் ஆதங்கம் வேறு. முறிவு எப்படிப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. "டாக்டர், புது மாடல் ராடு போடுவீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள்.

கல்கத்தாவில், பவானிபூர் எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையில் நான் தொழில் பழகினேன். ஊரார் அதை பி.ஜி. என்பார்கள், ரொனால்டு ராஸ் 1898-ல் மலேரியா ஆராய்ச்சி செய்த வளாகம். என் ஆசிரியர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டி, முறிவுக்கோட்டை மெழுகுப் பென்சிலால் வரையச் சொல்வார். வரைந்து முடிக்கும்வரை எந்த ஆணி, எந்த பிளேட் என்று வாய் திறக்கக் கூடாது. முதலில் எலும்பு, பிறகு ஆணி.

ஏன் எலும்பு முதலில்? ஒற்றைக்காலில் நிற்கும்போது இடுப்பு மூட்டின்மீது உடல் எடையைப்போல் இரண்டரை, மூன்று மடங்கு விசை இறங்குகிறது. 60 கிலோ எடையுள்ள அம்மா ஒரு அடி எடுத்து வைத்தால், மூட்டு ஏறத்தாழ 150 முதல் 180 கிலோ தாங்குகிறது. தொடை எலும்பின் கழுத்தோ தண்டிலிருந்து சுமார் 130 டிகிரியில் சாய்ந்து நிற்கிறது. பவானிபூரின் பழைய வீடுகளில் தெருவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வராந்தாக்களுக்கு அடியில் இரும்புத் தாங்கி இருக்குமே, அதே வேலையைக் கழுத்தின் அடியில் உட்பக்கமும் பின்பக்கமும் உள்ள கெட்டி எலும்பு செய்கிறது. கழுத்துக்குக் கீழே முறியும்போது, அது ஒழுங்காகப் பொருந்தி நின்றால் முறிவு நிலையானது. நொறுங்கிப்போயிருந்தால் நிலையற்றது. அறுவை மருத்துவர் எவன்ஸ் 1949-ல் வகுத்த முறிவுப் பாகுபாட்டின் சாரம் இதுதான். உட்பக்கமும் பின்பக்கமும். அதைப் பாருங்கள்.

இனி எனக்குப் பிடித்ததைச் சொல்கிறேன்: டைனமிக் ஹிப் ஸ்க்ரூ. தொடை எலும்பின் உச்சியிலுள்ள பந்துக்குள் தடிமனான ஒரு ஸ்க்ரூ. பக்கவாட்டில் பிளேட். பிளேட்டோடு சேர்ந்த குழாய்க்குள் ஸ்க்ரூ வழுக்கி நகரும். நோயாளி கால் ஊன்ற ஊன்ற, முறிந்த முனைகள் ஒன்றையொன்று நெருக்கும். நெருக்கம் எலும்பைக் கூட வைக்கும். நடையே வைத்தியமாகிறது. இதைவிட அழகான இயந்திரம் என் துறையில் இல்லை. நிலையான முறிவுகளில், எலும்புக்குள் செலுத்தும் விலை கூடிய ராடு இதைவிட மேலான பலன் தருகிறது என்று ஒப்பீட்டு ஆய்வுகள் நிறுவவில்லை.

ஆனால் ஸ்க்ரூ வழுக்கும்போது எங்கோ முட்டி நிற்க வேண்டும். எலும்பின் வெளிச்சுவர்தான் அந்த முட்டு. அது உடைந்தால் தண்டு உள்ளே நழுவி எல்லாம் சரிந்துவிடும். அறுவை மருத்துவர் காட்ஃப்ரீட் 2004-ல் இதை அழுத்திச் சொன்னார். வெளிச்சுவர் மெலிந்தோ உடைந்தோ இருந்தாலும், முறிவுக்கோடு தலைகீழாகச் சாய்ந்திருந்தாலும், எலும்புக்குள் செலுத்தும் ராடுதான் சரி. அங்கே ராடை நானே கேட்டு வாங்குவேன்.

எதைப் போட்டாலும் ஸ்க்ரூவின் நுனி பந்தின் நடுவில், ஆழத்தில் இருக்க வேண்டும். முன்பார்வை, பக்கப்பார்வை எக்ஸ்ரே இரண்டிலும் நுனிக்கும் பந்தின் உச்சிக்கும் உள்ள தூரத்தை அளந்து கூட்டினால் 25 மில்லிமீட்டருக்குள் வர வேண்டும். அறுவை மருத்துவர் பாம்கார்ட்னரின் குழு 1995-ல் காட்டிய கணக்கு இது. 25 மில்லிமீட்டர்! மேலே போனால் ஸ்க்ரூ பந்தைக் கிழித்து வெளியே வரும் அபாயம் ஏறுகிறது. எத்தனை விலை கொடுத்த ஆணியும் தப்பான இடத்தில் நின்றால் பயனில்லை.

இதுவரை சொன்னது கழுத்துக்குக் கீழே விழும் முறிவு. கழுத்தில் விழும் முறிவு இன்னும் பொல்லாதது. கோடு செங்குத்தாக நிமிர நிமிர முனைகள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்கும் என்று அறுவை மருத்துவர் பாவெல்ஸ் 1935-லேயே எழுதினார். பந்துக்கு ரத்த ஓட்டமும் குறையும். அப்படிக் கூடாமல் போன கழுத்து முறிவுகளுக்கு, தசையோடு ஒட்டிய உயிருள்ள எலும்புத் துண்டை வைத்து, உள்ளே ஆணியும் பொருத்திய கல்கத்தாவின் டி.பி. பக்சி, 1986-ல் பிரிட்டிஷ் எலும்பு மூட்டு அறுவை இதழில் தம் முடிவுகளை வெளியிட்டார். இளையவர்களின் சொந்தப் பந்தைக் காப்பாற்ற நினைத்த அந்த உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். இன்று மூட்டு மாற்றம் எளிதாகக் கிடைப்பதால் அந்தக் கைத்திறனை மறந்துவிடக் கூடாது.

உங்கள் வீட்டில் யாராவது விழுந்தால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள். உடம்பு தாங்குமானால் முதல் இரண்டு நாளுக்குள் அறுவை முடியட்டும். காலை மெல்ல இழுத்து, உட்பக்கம் திருப்பி எடுக்கும் எக்ஸ்ரேயும் வேண்டுமா என்று கேளுங்கள். முறிவின் உண்மை வடிவம் அதில் இன்னும் தெளிவாகும். ராடின் பெயரையும் விலையையும் விசாரிப்பதற்கு முன், "இது நிலையான முறிவா, டாக்டர்?" என்று கேளுங்கள்.