ஜீவகாருண்யமும் பத்துமலைக் குரங்குகளும்



செலாயாங் வட்டாரத்தார்க்குப் பத்துமலை அண்டை வீடு போன்றது. செலாயாங் நகராண்மைக் கழக எல்லைக்குள் அமைந்த அத்திருத்தலத்தின் 272 படிகளில் ஏறுவோரை எதிர்கொள்பவை நீண்ட வாற்குரங்குகள். அனுமனின் இனமாயிற்றே என்று பக்தர்கள் வாழைப்பழமும் தேங்காயும் நீட்டுகின்றனர். சுற்றுப்பயணிகள் கடலையும் இனிப்பும் தந்து படம் பிடிக்கின்றனர். நோக்கம் தூயது, விளைவோ வேறு.

காட்டுக் குரங்கு கனியைக் கன்னப்பையில் சுமந்து சென்று, கொட்டையைத் தொலைவில் உமிழும். அதனால் மரம் பெருகும். மனிதர் கையிலிருந்தே உணவு கிடைத்துவிட்டால் இத்தொழில் குன்றுகிறது, அச்சமும் நீங்குகிறது. பின் அது பையைப் பறிக்கும். தர மறுக்கும் குழந்தையைக் கடிக்கும். கடியால் நோய் பரவும். மனிதரின் நோயும் குரங்கைத் தொற்றும். இறுதியில் பழி குரங்கின் மேலேயே விழுகிறது. கூண்டும் துப்பாக்கியும் அதற்கே வருகின்றன. இக்குரங்கினத்தை அழியும் ஆபத்திலுள்ள இனமாக அனைத்துலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2022இல் வகைப்படுத்தியது. படிகளில் கூட்டமாகக் காண்போர்க்கு இவ்வுண்மை எளிதில் புலப்படுவதில்லை.

பழகிவிட்ட குரங்கு பட்டினி கிடக்காதா எனச் சிலர் வினவலாம். மலைச்சரிவில் மரமும் செடியும் இன்றும் உள்ளன. நீட்டும் கைகள் குறையக் குறைய, அது மெல்லத் தன் இரையைத் தேடத் தொடங்கும்.

வனவிலங்குகளுக்குத் தொண்டாற்ற விழையும் இளைஞர்க்கும் இங்கே ஓர் அளவுகோல் உண்டு. சபாவின் செப்பிலோக்கில், தாயை இழந்த ஓராங் ஊத்தான் குட்டிகள் 1964 முதல் காட்டு வாழ்வுக்குப் பழக்கப்படுகின்றன. அங்கு வருவோர் மேடையில் நின்று காணலாமேயன்றித் தொடலாகாது. குட்டியை அணைத்துப் படமெடுக்கக் கட்டணம் கேட்கும் இடம், காப்பகம் எனப் பெயர் பூண்டாலும் வாணிகக் கூடமே. கூண்டைக் கழுவுவதும், தீவனம் நறுக்குவதும், மரக்கன்று நடுவதுமே தொண்டு.

வள்ளலார் பெருமான் 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவியது பசித்தவர்க்கு உணவளிக்கவே. தானே இரைதேட வல்ல உயிரின் இயல்பைக் கெடுத்து ஊட்டுவது அத்தருமத்தில் சேராது. ஆகவே, வாழைப்பழத்தை அன்னதானக் கூடத்தில் சேர்ப்பிக்கலாம். பிரசாதப் பையை மூடிக் கொண்டு செல்லலாம். எஞ்சிய உணவை மூடியுள்ள தொட்டியில் இடலாம். தள்ளி நின்று பார்க்கப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம்.

முருகப் பெருமான் குறிஞ்சிக் கிழவன். மலையும் மலைவாழ் உயிர்களும் அவன் உடைமை. அவ்வுயிர்களை அவற்றின் இயல்பில் வாழ விடுதலும் அவனுக்குச் செய்யும் வழிபாடே ஆகும்.