தீர்ப்புக்கு முன் ஒரு வார்த்தை



நான் சட்டம் படித்தவனல்ல. பலதுறைத் தொழிற்கல்லூரியில் டிப்ளோமா முடித்துக் கடை நடத்துபவன். இருந்தாலும் நீதி பற்றிச் சிறிது பேச விரும்புகிறேன்.

சிங்கப்பூரில் முன்பு கொலை வழக்குகளில் பொதுமக்கள் ஏழு பேர் கொண்ட ஜூரி தீர்ப்புச் சொன்னது. 1950 மரியா ஹெர்டோக் கலவரத்தில் ஒருவரைக் கொன்றதாக நால்வர்மீது வழக்கு. அவர்களுக்காக வாதாடியவர் இளம் வழக்கறிஞர் லீ குவான் யூ. ஜூரி அவர்களைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. ஆனால் அதன்பின் ஜூரிமீது தமக்கு நம்பிக்கை போனதாக அவரே எழுதினார். 1969 இறுதியில் நாடாளுமன்றம் ஜூரியை ஒழித்தது. டேவிட் மார்ஷல் கடுமையாக எதிர்த்தார். மலேசியாவிலும் 1995இல் ஜூரி நின்றது.

ஜூரி போனாலும் சில விதிகள் போகவில்லை. குற்றம் சாட்டுபவரே நிரூபிக்க வேண்டும். நியாயமான சந்தேகம் இருந்தால் தண்டனை இல்லை. எதிர்த்தரப்பைக் கேட்காமல் தீர்ப்பும் இல்லை.

இதை நான் என் கடையிலேயே மறந்தேன். கல்லாவில் 300 வெள்ளி குறைந்தது. வேலை செய்த தம்பியை எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். மறுநாள் அவர் வரவில்லை. ஒரு வாரம் கழித்து, சரக்குக்கு நானே கொடுத்த பணம் என்று ரசீது காட்டியது. வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார், வேலைக்குத் திரும்பவில்லை.

இன்று வாட்ஸ்அப்பில் ஒருவரைப் பற்றிச் செய்தி வந்தவுடன் நாமே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். செய்தி வந்தால் தீர விசாரிக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுப்போம்.